பதினோராம் பல்

மாதிரிக்கு வந்த கியரில் மூன்று பல் இல்லை.
மிச்சமிருந்த அறுபத்தொன்றையும்
எபினேசர் சார் மை தடவி
வெள்ளைத்தாளில் உருட்டிப் பார்த்தார்.
கம்பெனி கியர் கப்பலில் வர நாலு மாசமாம்.
நாங்கள் பதினெட்டு நாளில் தருவோம்,
சாத்தாங்காட்டில் இரும்பு வாங்கி
கொடுங்கையூர் ஷெட்டில் கடைந்து, பல் வெட்டி,
சூளையில் தோலை இறுக்கி.
பில்லில் ‘மாற்று’ என்று எழுதுவோம்.
ஒரிஜினல் என்று ஒருநாளும் எழுதியதில்லை.

நூறு டன் ஏற்றுகிற டம்பர்.
போட்டோவில் பார்த்தேன்,
பக்கத்தில் நிற்கிற ஆள்
அதன் சக்கரத்தில் பாதிதான் இருக்கிறான்.
அவ்வளவு பெரிய வண்டிக்குள்
எந்த வால்வு எப்போது திறக்கணும் என்பதற்கு
ஒரு புள்ளிதான் சாட்சி.
சூளைக்குப் போகுமுன் அதைக் குத்துவது என் வேலை.
சாவிக்காடியிலிருந்து எண்ணி
பதினோராம் பல்லில்
சுத்தியலால் ஒரே தட்டு.
இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும்
முகம் பார்த்துக்கொள்ளும்படி
அங்கே மாட்டுவார்கள். வேறெதையும் பார்க்க மாட்டார்கள்.
மெய்யெழுத்துக்குப் புள்ளி எப்படியோ அப்படி.
தள்ளிப் போனால் சொல்லே வேறு.

அன்றைக்குக் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ். நின்று, நகர்ந்து, மறுபடி நின்று
நாற்பத்திரண்டு நிமிஷம்.
டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்து எண்ணினேன்.
ஏழில் கரண்ட் போனது.
இருட்டில் விரலை எடுக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.
விளக்கு வந்ததும்
விரல் இருந்த பல்லை ஏழு என்று தொடங்கினேன்.
ஏழை இரண்டு தரம் எண்ணியிருக்கிறேன்.
(ரேஷன் கடையில்கூட
ஏழையை யாரும் இரண்டு தரம் எண்ணுவதில்லை.)

ஒடிசாவிலிருந்து படம் வந்தது.
தலை சாய்ந்த வால்வுகள், எட்டு.
பிஸ்டன் நெற்றியில் பிறை பிறையாகப் பள்ளம்.
மாட்டினவன் தப்பு என்று அங்கேயே தீர்ப்பு.
பிரஞ்சி என்று பெயராம்.
சம்பளத்தில் பிடிப்பார்கள், வேலையும் போகலாம்.
‘நல்லவேளை, நம்ம தலைக்கு வரல’ என்றார் சார்.

படத்தைப் பெரிதாக்கி
நகத்தால் பல் பல்லாகத் தள்ளினேன்.
பன்னிரண்டு.
திரும்பவும். பன்னிரண்டு.
பஸ்ஸில் உட்கார்ந்து மூன்றாவது முறை.

வீட்டில், கொடியில் காய்ந்த நைட்டியெல்லாம் சாம்பல்.
உதறினேன்.
பிரஞ்சியின் டம்பர் அள்ளுகிற கரிதான்
கப்பலேறி எண்ணூர் வந்து
எரிந்து என் தோளில் இறங்குகிறதோ என்னவோ.
வண்டி நின்றுபோய் ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் ஒரு சிட்டிகை குறையவில்லை.

காலையில் சொன்னேன்.
‘இன்னா ஜெயசீலி, யாராச்சும் உன்ன கேட்டாங்களா?’
பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு
உதடசைய அவரே எண்ணினார்.
எண்ணி முடித்தும் வெகுநேரம் நிமிரவில்லை.

இன்னொரு கியர், காசில்லாமல்.
வால்வுகளுக்குப் பாதிப் பணம்.
எனக்குப் பேக்கிங் பிரிவு,
நாளுக்கு அறுபது ரூபாய் குறைவு.
கிரீஸ் தடவி, எண்ணெய்த்தாள் சுற்றி,
மரப்பெட்டியில் ஆணி அடிக்கிறேன்.
ஆணியை எண்ணத் தேவையில்லை.
ஆனாலும் எண்ணுகிறேன்.

சலானில் பிரஞ்சியின் நம்பர் இருந்தது.
அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது.
அதே படத்தில் பல்லை வட்டமிட்டு
12 போட்டு அடித்தேன். 11 போட்டு ‘டிக்’ வைத்தேன்.
கீழே, என் நெஞ்சில் விரல் வைத்து
நானே எடுத்த படம் ஒன்று.

ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது.
ஒரே வரி.
எல்லா எழுத்தும் வட்டம் வட்டமாக,
பல் இல்லாத கியர்கள் மாதிரி.
நன்றியா, வசவா தெரியவில்லை.
மணலியிலேயே ஒடிசாக்காரப் பையன்கள் நிறைய,
எவனிடமாவது காட்டினால் படித்துச் சொல்லிவிடுவான்.

இன்னும் காட்டவில்லை.